எட்டு வாட்டில் ஒரு வீட்டுக் கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரவும் பகலும் ஓட வேண்டிய கணினி வீட்டில் தேவைப்பட்டால், அதற்குப் பழைய பெட்டிக் கணினி ஏற்றதன்று. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்வதே நல்லது என்று சென்ற இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: பத்தாண்டுப் பழைய மேசைக் கணினியில் குடும்பப் படங்களையும் பாடல்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் யார் கேட்டாலும் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் அவை கிடைக்க வேண்டும் என்பதற்காக அதை அணைப்பதே இல்லை. சிறு கணினிக்கு மாறினால் மின்கட்டணத்தில் வேறுபாடு தெரியுமா?

பதில்: தெரியும், ஐயா. எவ்வளவு தெரியும் என்று அறிய ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாட் மின்சாரம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் செலவானால் 8.76 யூனிட் ஆகும். உங்கள் கணினி வேலையின்றி இருக்கும்போது 60 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, அது 86.4 யூனிட். 8 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு அதே காலத்தில் 11.5 யூனிட் போதும். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் பெரும் பங்கை, யாரும் தொடாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியே விழுங்கிவிடுகிறது. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், மிச்சமாகும் 75 யூனிட்டும் உங்கள் பட்டியலின் மிக உயர்ந்த படியிலிருந்தே கழியும். மொத்தச் செலவு 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு இதன் பயன் இன்னும் பெரிது. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கும் மாறிவிடுகிறது.

ஆனால் 60 வாட் என்பது நான் எடுத்துக்கொண்ட எண். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத பத்தாண்டுப் பழைய கணினி சும்மா இருக்கும்போது 35 வாட்டில் நிற்பதும் உண்டு. அட்டை இருந்தால் 80 வாட்டைத் தொடுவதும் உண்டு. ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், சுவர்ப் பாயிண்டுக்கும் பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ ஒரு நாள் முழுவதும் அளந்து பாருங்கள். அளவு தெரியாமல் மாற்றுவது, மருத்துவரைப் பார்க்காமல் மருந்தை மாற்றுவதற்கு ஒப்பாகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கணினியை இயக்குகிறவர்களுக்கு நான் மாறச் சொல்லவே மாட்டேன். 100 வாட் எடுக்கும் கணினிகூட அப்படி ஓடினால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான் செலவாகும், புதுக் கணினியின் விலை அதில் என்றைக்கும் திரும்பி வராது. உங்கள் நிலை வேறு. அணைக்காமல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்த மாற்றம் பொருள் உள்ளது.

மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்: இன்டெல் என்100 செயலி பதித்த மதர்போர்டு வாங்கி நானே கணினி அமைத்தேன். செயலி 6 வாட் என்று போட்டிருந்தது. மீட்டரோ 24 வாட் காட்டுகிறது. கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பழைய 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள், கூடுதல் டிஸ்க்குகளை இணைக்க உதவும் சாட்டா அட்டை ஒன்று ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். செயலியில் பழுதா?

பதில்: செயலியில் பழுது இல்லை. 6 வாட் என்பது அந்தச் சில்லு தொடர்ந்து வேலை செய்யும்போது வெளிவிடும் வெப்பத்துக்கு ஏற்பக் குளிர்விப்பானை வடிவமைப்பவருக்குச் சொல்லப்பட்ட எண். சுவரிலிருந்து உங்கள் பெட்டி முழுவதும் இழுக்கும் மின்சாரத்தின் அளவு அதுவாகாது. சிறு கணினி கட்டுவோர் எல்லாரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2008-இல் இன்டெல் ஆட்டம் 230 என்ற செயலியை வெளியிட்டபோது அதன் அளவு வெறும் 4 வாட். ஆனால் அதனுடன் சேர்த்து மதர்போர்டில் பொருத்தப்பட்ட 945ஜிசி என்ற துணைச் சில்லின் அளவு 22 வாட்டுக்கும் மேல். அந்தப் பலகையைக் கையில் எடுத்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள்: மின்விசிறி துணைச் சில்லின் மேல் சுழன்றது, செயலிக்கு ஓர் அலுமினியத் தகடு மட்டும் போதுமாக இருந்தது. இன்று துணைச் சில்லின் வேலைகள் செயலிக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஆயினும் மின்சாரம் செயலியைச் சுற்றியுள்ள பொருள்களில்தான் கரைகிறது என்ற நிலை மாறவில்லை.

உங்கள் பெட்டியில் அது எங்கே கரைகிறது என்று பார்ப்போம். சுழன்றுகொண்டே இருக்கும் 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும், படிக்காமலும் எழுதாமலும் இருக்கும்போதே, 4 முதல் 5 வாட் எடுக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 வாட் போய்விட்டது. அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று சான்று தர அதன் மேல் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரை, பெரும்பாலான படிநிலைகளில், முழுத்திறனில் 20 விழுக்காடு சுமையிலிருந்துதான் சோதிக்கப்படுகிறது. 450 வாட்டில் 20 விழுக்காடு என்பது 90 வாட். நீங்களோ அதை 24 வாட்டில், அதாவது ஐந்து விழுக்காட்டைச் சற்றே தாண்டிய சுமையில், ஓட்டுகிறீர்கள். அந்த இடத்தில் அது எவ்வளவு வீணாக்குகிறது என்பதற்கு முத்திரையில் எந்த உறுதியும் கிடையாது. பேருந்தில் ஒரே ஒரு பயணியை ஏற்றிச் செல்வது போன்ற செலவு இது. 12 வோல்ட் அடாப்டரும், அதிலிருந்து மற்ற வோல்ட்டுகளைப் பிரித்துத் தரும் விரலளவு மாற்றிப் பலகையும் இருந்தால் போதும். அடாப்டரை நேரடியாகச் செருகும் துளை உள்ள மதர்போர்டுகளும் இருக்கின்றன. அடுத்த முறை அத்தகையதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 20 வாட்டுக்கும் மேல் இழுக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு அடாப்டரின் திறனை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அந்த சாட்டா அட்டை. இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். செயலி ஓய்வாக இருக்கும்போது படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லும் வசதி பெற்றது, ஆனால் மதர்போர்டில் கூடுதல் அட்டைகளைச் செருகும் பி.சி.ஐ. இணைப்பில் உள்ள ஓர் அட்டை தன் இணைப்பை உறங்க விடாவிட்டால், செயலியும் உறங்க முடியாது. லினக்ஸில் பவர்டாப் என்ற கருவியை நிறுவி இயக்குங்கள். செயலி எந்த உறக்க நிலையில் எத்தனை விழுக்காடு நேரம் இருக்கிறது என்று அது காட்டும். மேல்நிலையிலேயே தங்கி, ஆழ்ந்த நிலைகளில் பூஜ்யம் என்று இருந்தால், அட்டையைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். கணினி எழும்போது முதலில் இயங்கும் அமைப்பு நிரலான பயாஸில் உறக்க நிலைகள் அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு, அதையும் பாருங்கள்.

இயங்குதளத்தை, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு மாற்றிவிட்டால், பதிவேடுகளை எழுதுவதற்காக நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய டிஸ்க்குகள் எழுப்பப்படுவது நின்றுவிடும். அதன்பின் அரை மணி அல்லது ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அவை சுழற்சியை நிறுத்தும்படி அமைக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு என்று வைக்க வேண்டாம். நாளெல்லாம் நின்று நின்று சுழல்வது டிஸ்க்கின் ஆயுளைத் தின்னும். இவ்வளவும் செய்தபின் உங்கள் பெட்டி ஒற்றை இலக்க வாட்டுக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். கிடைத்த எண்ணை அவசியம் எழுதி அனுப்புங்கள்.

பொறியியல் மாணவர், திருநெல்வேலி: ஒற்றைப் பலகைக் கணினியான ராஸ்பெர்ரி பை 5 வாங்குவதா, என்100 மினி பி.சி. வாங்குவதா? இரண்டில் எது சிறந்தது?

பதில்: எந்த வேலைக்கு என்று நீங்கள் எழுதவில்லை, பதில் அதைப் பொறுத்ததே. ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தபோது அதன் நோக்கம் மிகத் தெளிவாக இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வருவோரின் எண்ணிக்கையும் பயிற்சியும் குறைந்துவருவதைக் கண்டவர்கள், சிறுவர்கள் கெட்டுவிடுமோ என்று அஞ்சாமல் கையாளக்கூடிய மலிவான கணினி ஒன்றைத் தர விரும்பினார்கள். 35 டாலருக்கு, 256 எம்.பி. நினைவகத்துடன் அது வந்தது. இன்றும் விளக்கை எரியவிட, மண்ணின் ஈரத்தை அளக்க, மோட்டாரை ஓட்ட என்று மின்கம்பிகளைச் செயலியுடன் நேரடியாக இணைத்துக் கற்க வேண்டுமென்றால், பையின் பலகையில் உள்ள 40 ஊசி இணைப்புக்கு நிகரானது என்100 பெட்டியில் இல்லை. அத்தகைய வேலைகளுக்கு பை 5 கூடத் தேவையில்லை. சும்மா இருக்கும்போது ஒரு வாட்டைக்கூட எட்டாத, அதே குடும்பத்துச் சிறு பலகையான ஜீரோ 2 டபிள்யூ போதும்.

திரையும் விசைப்பலகையும் வைத்துப் பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கும், படங்களையும் காணொளிகளையும் பகிரும் பெட்டிக்கும் நான் என்100-ஐயே சொல்வேன். பை 5 ஏறத்தாழ 3 வாட்டிலும் என்100 பெட்டி 6 முதல் 8 வாட்டிலும் சும்மா நிற்கும் என்பது உண்மை. ஆனால் பலகையுடன் அடாப்டர், பெட்டி, மின்விசிறி, எஸ்.எஸ்.டி., அதை இணைக்கும் துணைப்பலகை ஆகியவற்றைச் சேர்த்தால் பையின் மலிவு கரைந்துவிடுகிறது. நினைவகச் சில்லுகளின் விலையேற்றத்தால் 2025-இன் இறுதியில் பலகையின் விலையும் உயர்ந்துவிட்டது. அத்துடன், 2023-இல் வந்த பை 5-இல் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட காணொளியை விரித்துக் காட்டும் வன்பொருள் நீக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் சேர்ந்துகிடக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அந்த வகையே. என்100-இல் அதற்கும் பிற வகைகளுக்கும் வன்பொருள் வசதி இருப்பதால், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள் காணொளியைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றி அனுப்பும்போதும் பெட்டி திணறுவதில்லை.

பை 5 வாங்குவதென்று முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். உங்கள் மடிக்கணினியின் 65 வாட் சார்ஜர் பெரியதாகத் தெரிந்தாலும், 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். அப்போது நான்கு யு.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே என்று பலகை கட்டுப்படுத்திவிடும். வெளி டிஸ்க் இணைத்தால் ஓடவில்லையே என்று வரும் குறைகளில் பெரும்பகுதி இதனால்தான். அதற்கென்றே விற்கப்படும் 27 வாட் அடாப்டரை வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கையில் பணம் குறைவு என்றால் நான் முதலில் சொல்வது அதுவே. அலுவலகங்களில் திரைக்குப் பின்னால் மாட்டிவைக்கும், ஒரு லிட்டர் அளவேயான சிறு கணினிகள் இப்போது பழைய பொருள் சந்தைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே நன்றாக உழைக்கும் கணினிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. லினக்ஸுக்கு அவை இளமையானவையே. சும்மா இருக்கும்போது 8 முதல் 15 வாட்டில் நிற்கும். குப்பைக்குப் போக இருந்த ஒன்று உங்கள் மேசையில் இன்னும் பல ஆண்டுகள் உழைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாசகர், வேலூர்: மின்விசிறியே இல்லாத பெட்டி வாங்கலாமா? எங்கள் ஊர் வெயில் நீங்கள் அறிந்ததே.

பதில்: வாங்கலாம். உலோகப் பெட்டியே வெப்பத்தை வெளியேற்றும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெப்பத்தை வெளிவிடப் பெட்டியின் மேல் விலா போல் அமைந்த பட்டைகள் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். மூடிய அலமாரிக்குள்ளோ ரவுட்டரின் தலைமேலோ வைக்காதீர்கள். மே மாதத்தில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது சில்லு 70 டிகிரியைத் தொடுவது இயல்பு. ராஸ்பெர்ரி பை 80 டிகிரியில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும்; என்100 அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். விசிறி இல்லாததன் பெரிய நன்மை தூசி உள்ளே இழுக்கப்படாமை. பெரிய துளைகள் இருந்தால் மட்டும் மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள். எறும்பும் பல்லிக்குட்டியும் இளஞ்சூட்டை நாடி வரும். உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய சுருக்கென்ற உணர்வு ஏற்பட்டால் அதை அலட்சியம் செய்யாமல், மூன்று முனை அடாப்டருக்கு மாறி, அந்தப் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

விவசாயி, மணப்பாறை: கிணற்று மோட்டார் நிலவரத்தையும் மழையளவையும் பதிவு செய்ய என் மகன் ராஸ்பெர்ரி பை வைத்துக் கொடுத்தான். மின்சாரம் அடிக்கடி போய் வருவதால் மூன்றாவது முறையாக எஸ்.டி. கார்டு கெட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் அவன் ஊரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. இதற்குத் தீர்வு உண்டா?

பதில்: உண்டு. உங்கள் மகன் செய்தது நல்ல வேலை. ஒரே ஒரு குறையால் அது பயனற்றுப்போகக் கூடாது. கெடுவது ஏன் என்பதை முதலில் சொல்கிறேன். கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை, பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்துகொள்ளும் வகையில்தான் லினக்ஸில் அமைந்திருக்கிறது. ஆனால் எஸ்.டி. கார்டுக்குள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அது ஒரு வரியை மாற்றுவதற்குக்கூடப் பெரிய பகுதி ஒன்றை அழித்துத் திரும்ப எழுதுகிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால், நாம் தொடவே தொடாத தகவலும் சேர்ந்து அழிந்துபோகக்கூடும். அதை லினக்ஸால் காப்பாற்ற இயலாது.

ஆகவே கார்டில் எழுதுவதையே நிறுத்துவதுதான் முதல் வழி. ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியில் மேலடுக்குக் கோப்பு முறைமை என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டுமே திறக்கப்படும்; மாற்றங்கள் அனைத்தும் நினைவகத்தில் நிற்கும்; மின்சாரம் போய் வந்தால் கணினி முதல் நாள் இருந்த அதே நிலையில் எழும். மழையளவு போன்ற பதிவுகள் அழியாமல் இருக்க, அவற்றை மட்டும் தனியான யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றில் எழுதும்படி மகனிடம் சொல்லுங்கள். கார்டும் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும், 64 ஜி.பி. என்று எழுதி உள்ளே 8 ஜி.பி. மட்டுமே உள்ள போலிகள் சந்தையில் உண்டு. எஃப்3 என்ற கருவி கார்டை நிரப்பி எழுதி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது வழி சிறிய யு.பி.எஸ். ரவுட்டருக்காக விற்கப்படும் 12 வோல்ட் லித்தியம் யு.பி.எஸ். பல மினி பி.சி.க்களுக்கு நேரடியாகவே பொருந்தும். அவற்றின் அடாப்டரும் பெரும்பாலும் 12 வோல்ட், 3 ஆம்பியர். வாங்கும்முன் யு.பி.எஸ். 3 ஆம்பியர் தருகிறதா, செருகும் முனையின் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்கள் பைக்கு, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் தரமான மாற்றி இடையில் வேண்டும், வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் பை குறைமின்னழுத்த எச்சரிக்கையைப் பதிவு செய்யும், திரை இருந்தால் மின்னல் குறியும் தோன்றும்.

இத்தகைய சிறு யு.பி.எஸ். மின்சாரம் போன செய்தியைக் கணினிக்குச் சொல்வதில்லை. அதற்கு ஓர் எளிய உத்தி இருக்கிறது. வீட்டு வைஃபையில் உள்ள, ஆனால் யு.பி.எஸ்.ஸில் இணைக்கப்படாத ஒரு கருவியை, ஸ்மார்ட் பிளக் போன்ற ஒன்றை, கணினி நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கட்டும். பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் மின்சாரம் இல்லை என்று கொண்டு முறையாகத் தன்னை அணைத்துக்கொள்ளட்டும். இது வேலை செய்ய ரவுட்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி மினி பி.சி.யின் பயாஸில் அமைக்கலாம். பையோ மின்சாரம் கிடைத்தாலே எழுந்துவிடும். ஆனால் கணினி அணைந்தபின் யு.பி.எஸ். முழுதும் தீர்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், மின்சாரம் போனதே கணினிக்குத் தெரியாது. அது அணைந்தபடியே இருக்கும். மினி பி.சி.யில், அணையும் முன் நாளை காலை 6 மணிக்கு எழுப்பு என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிட்டு அணையும்படி கட்டளையை எழுதினால் இந்தச் சிக்கலும் தீரும்.

இன்னொன்று. பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. இணையம் வராத தோட்டத்தில் அவை தவறான நேரத்தோடு எழுந்து, பதிவுகளிலும் தவறான நேரத்தையே எழுதும். சிறு கடிகாரத் துணைப்பலகை ஒன்றைச் சேருங்கள். பை 5-இல் கடிகாரம் உண்டு; அதற்கான பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

இல்லத்தரசி, பொள்ளாச்சி: மினி பி.சி. வாங்கிவிட்டேன். லினக்ஸ் எனக்குப் புதிது. எந்த லினக்ஸ், எப்படி நிறுவுவது?

பதில்: டெபியன் 13-ஐ நிறுவுங்கள், அம்மா. 1993-இல் தொடங்கி, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல், தன்னார்வலர்களால் நடத்தப்பட்டுவரும் திட்டம் அது. 2025 ஆகஸ்டில் வந்த இந்தப் பதிப்புக்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்து, ஐந்தாண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். நிறுவி முடித்துவிட்டு மறந்துவிட வேண்டிய வீட்டுக் கணினிக்குப் புதுமையைவிட இந்த நிதானமே மேல் என்பது என் உறுதியான கருத்து. முன்பு வைஃபை சில்லுகளுக்கான உள்மென்பொருளைத் தனியே தேடி எடுக்க வேண்டியிருந்தது. 12-ஆம் பதிப்பிலிருந்து அது நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது.

வேறொரு கணினியில் நிறுவிக் கோப்பைப் பதிவிறக்கி, காலியான பென் டிரைவ் ஒன்றில் எழுதி, மினி பி.சி.யில் செருகி, அதிலிருந்து எழும்படி பயாஸில் தேர்ந்தெடுங்கள். கேள்விகள் தமிழிலும் வரும். டிஸ்க்கை முழுவதும் பயன்படுத்தலாமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். சம்மதித்தால் அதில் இருந்த விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் மேசைச்சூழலாக எக்ஸ்.எஃப்.சி.இ.யைத் தேர்ந்தெடுங்கள், அது இலேசானது. நிறுவும்போது ரவுட்டரிலிருந்து கம்பி இணைப்பு கொடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

தமிழாசிரியை, மதுரை: இந்தச் சிறு கணினியில் தமிழ் ஒழுங்காக வருமா? தமிழ்99 பழகியவள் நான்.

பதில்: வரும். தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவியையும் அதற்குரிய எம்17என் தொகுப்பையும் சேர்த்தால், 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 உடன், ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு முறைகளும் கிடைக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்கள் மட்டும் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியாக வேண்டும். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ்த் தொகுப்பு உண்டு. வகுப்பறையில் இணையம் இல்லையென்றால், கீவிக்ஸ் என்ற மென்பொருளின் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி இந்தச் சிறு பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, மாணவர்கள் எல்லாரும் படிக்கும்படி செய்யலாம். ஓர் ஆசிரியர் கேட்டு நான் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த பயன் இதுவே.

கடை உரிமையாளர், தென்காசி: 2009-இல் வாங்கிய சிறு மடிக்கணினி இருக்கிறது. ஆட்டம் என்270, 1 ஜி.பி. நினைவகம். அதுவும் குறைந்த மின்சாரம்தானே?

பதில்: மின்சாரம் குறைவுதான். ஆனால் அது 32 பிட் செயலி. டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவி இல்லை, 12-ஆம் பதிப்போடு அது முடிந்தது. இன்றைய இணைய உலாவி ஒன்றே அந்த 1 ஜி.பி.யை நிரப்பிவிடும். ஆன்டிஎக்ஸ் போன்ற இலேசான லினக்ஸின் 32 பிட் பதிப்பை நிறுவி, எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கை அதில் நம்பி வைக்க வேண்டாம்.

வாசகர், மயிலாடுதுறை: வீட்டுப் பெட்டியில் உள்ள படங்களைச் சிங்கப்பூரிலிருக்கும் மகள் பார்க்க வேண்டும். ரவுட்டரில் துளை (போர்ட்) திறந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை.

பதில்: நம் இணையச் சேவைகள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. உங்கள் ரவுட்டரில் கதவைத் திறந்தாலும், தெருமுனைக் கதவு சேவையாளரிடம் பூட்டியிருக்கிறது. திறக்காமல் இருப்பதே நல்லதும்கூட. திறந்த கதவை உலகெங்கிலுமிருந்து தட்டிப்பார்க்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை. 2020-இல் லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்ட் என்ற மறைகுறித் தடத்தைப் பயன்படுத்துங்கள். பொது முகவரி இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு, வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் எளிது: வீட்டுப் பெட்டியிலும் மகளின் கைப்பேசியிலும் அதை நிறுவிவிட்டால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரே பெட்டியில், ஒரே டிஸ்க்கில் இருக்கும் படங்கள் எந்த நாளிலும் போய்விடலாம். அந்தத் தடம் அமைந்ததும், சிங்த்திங் மென்பொருளைக் கொண்டு மகளின் வீட்டுக் கணினியில் இரண்டாவது நகல் தானே சேரும்படி செய்யுங்கள். இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியாதிருக்க, அங்குள்ள பிரதியில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக வெளி டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை நகலெடுத்து, கம்பியைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.